வாயால் கொடுத்த உரல்

ஐன் தூத், தெற்கு லெபனான்
11 அக்டோபர் 2005

வைசாகேவுக்கு,

ஸலாம். நான் உம்மு ஹைதம், ஹைதமின் அம்மா. உங்கள் காவல் சாவடிக்கு எதிரே, தெருவின் அந்தப் பக்கம், காலையில் இரும்புத் தட்டில் ரொட்டி சுடுவேனே, அவள்தான். நான் சொல்லச் சொல்ல என் மகள் ஸுஹா இங்கிலீஷில் எழுதுகிறாள். ஒரு வார்த்தையையும் பூசி மெழுகக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். முகத்தைச் சுளிக்கிறாள். சுளித்துக்கொண்டே எழுதட்டும்.

என் வீட்டுக்காரர் ஃபௌஸி மவுத்தாகி இரண்டு வருஷம் ஆகிறது. நோன்பு மாதமாயிற்றே என்று அலமாரியைத் துடைத்தபோது அவருடைய பழைய கோட்டின் உள்பையில் ஒரு தாள் இருந்தது. உன் கையெழுத்தில் உன் ஊர் விலாசம். மடிப்புக் கிழியாமல் இருக்கப் பின்னால் வேறு தாள் ஒட்டியிருந்தார். எதற்காக இத்தனை பத்திரமாக வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியாது. எனக்கு வசதியாகப் போயிற்று. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் காப்பி உரலைத் திருப்பி அனுப்பு.

பதினேழு வருஷமாக இது என் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. நீ முதன்முதலில் எங்கள் வீட்டுக்குள் வந்த நாள் நினைவிருக்கிறதா? ஆலங்கட்டி விழுந்துகொண்டிருந்தது. ஐ.நா. பட்டாளத்துக்காரன், துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஆலங்கட்டியைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டிருந்தாய். ஃபௌஸிதான் பரிதாபப்பட்டு உள்ளே கூப்பிட்டார். கொட்டையை வறுத்து, மர உரலில் போட்டு இடித்தார். அவர் இடிக்கிற தாளம் ஊருக்கே தெரியும். இரண்டு மெதுவாக, மூன்று வேகமாக, கடைசியில் விளிம்பில் ஒரு தட்டு. அதைக் கேட்டால் அண்டை வீட்டார் காப்பிக்கு வரச் செருப்பைத் தேடுவார்கள். நீ வாயைப் பிளந்துகொண்டு கேட்டாய். "இந்த உரல் ரொம்ப நல்லா இருக்கு" என்றாய். அவர், "எடுத்துக்கோ, உன்னோடதுதான்" என்றார்.

எங்கள் ஊரில் விருந்தாளி எதைப் புகழ்ந்தாலும் அப்படித்தான் சொல்வோம். விருந்தாளி நெஞ்சில் கை வைத்து, உங்கள் வீட்டிலேயே நிறைந்திருக்கட்டும் என்பான். பால்குடி மறக்காத பிள்ளைக்கும் இது தெரியும். நீ என்ன செய்தாய்? எழுந்தாய். உரலைத் தூக்கித் தோளில் வைத்தாய். நன்றி சொன்னாய். போய்விட்டாய். நான் கையில் பிசைந்த மாவோடு நின்றேன்.

நீ போனதும் கத்தினேன். ஃபௌஸி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "குடுத்தேன்னு சொல்லியாச்சு. சொன்னா சொன்னதுதான்" என்றார். மறுவாரம் டவுனிலிருந்து மின்சார அரவை ஒன்று வாங்கி வந்தார். அது அரைக்கும், காப்பியும் வரும், ஆனால் ஒருவரும் செருப்பைத் தேடவில்லை.

ஹைதமுக்கு வருகிற செப்டம்பரில் கல்யாணம். மூத்த மகன் கல்யாணத்தன்று வாசலைத் திறந்து வைத்து, வீட்டு உரலில் தகப்பன் காப்பி இடித்துத்தான் ஊரைக் கூப்பிட வேண்டும். தகப்பன் இல்லை. உரலாவது வரட்டும்.

நஜாஹ், உம்மு ஹைதம்


வைதாமு, வனுவா லெவு, ஃபிஜி
20 ஜனவரி 2006

மதிப்புக்குரிய உம்மு ஹைதம் அவர்களுக்கு,

புலா. உங்கள் கடிதம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வந்தது. என் மனைவி, மெரேவை என்று பெயர், சத்தமாக வாசிக்கச் சொன்னாள். ஆலங்கட்டி தின்ற இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். உரலைத் தூக்கிய இடத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் சிரிக்கவில்லை.

ஃபௌஸி அண்ணன் போய்விட்டார் என்பதை உங்கள் கடிதத்தில்தான் தெரிந்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவர் பெயரைச் சொல்லி ஒரு பாட்டுப் பாடச் சொன்னேன். அவருக்குத் தெரிந்திருந்தால் சிரித்திருப்பார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

என்னை நியாயப்படுத்திக்கொள்ள எழுதவில்லை. ஆனால் அன்று என் தலையில் என்ன ஓடியது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் ஊரில் ஒருவர் எடுத்துக்கொள் என்று சொல்லி நாம் எடுக்காமல் போனால், உன் பொருள் எனக்கு மட்டம் என்று முகத்தில் அடித்த மாதிரி. எடுத்துக்கொண்டால் அன்றிலிருந்து அவர் உறவு. அவரும் நம்மிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், நாம் மறுக்கக் கூடாது. நான் காத்திருந்தேன் அம்மா. பூட்ஸைக் கேட்பார் என்று அதைத் துடைத்து வைத்தேன். கைக்கடிகாரத்தைக் கேட்பார் என்று நினைத்தேன். அவர் ஒன்றுமே கேட்கவில்லை. என்னை உறவாக நினைக்கவில்லையோ என்று எனக்குள் வருத்தம்கூட இருந்தது.

உரலைச் சாவடியில் வைத்து யங்கோனா வேர் இடித்தோம். அதுவரை ஒரு இரும்புக் குழாயில் இடித்துக்கொண்டிருந்தோம். மாலை நான்கு மணிக்குக் காவல் மாறும். மணல் மூட்டைகளுக்குப் பின்னால் பாய் விரித்து, தண்ணீரில் வேரைக் கரைத்து, சிரட்டையில் ஊற்றிச் சுற்றிலும் கொடுப்போம். எனக்குத் தெரிந்த தாளம் ஃபௌஸி அண்ணனுடையதுதான், அப்படியே இடித்தேன். முதல் நாள் சத்தத்தைக் கேட்டு உங்கள் ஊர்த்தலைவர் முக்தார், காப்பி என்று நினைத்துக் கைத்தடியோடு வந்துவிட்டார். சிரட்டையைக் கையில் கொடுத்தோம். சேற்றுத் தண்ணீர் மாதிரி இருந்ததைக் குடித்துவிட்டு உதட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அது நாக்கை மரக்க வைக்கும். தண்ணீர்த் தொட்டி விஷயமாக எங்கள் கேப்டனோடு சண்டை போட வந்தவர், ஒரு வார்த்தை பேச முடியாமல் திரும்பிப் போனார். அந்த வாரம் முழுவதும் அதைச் சொல்லிச் சிரித்தோம்.

இப்போது கெட்ட செய்தி. உரல் என்னிடம் இல்லை. என் அக்காள் மகன் சைரூசியிடம் இருக்கிறது, கோரோ தீவில். எங்கள் ஊரில் தாய்மாமன் வீட்டில் அக்காள் மகன் கை வைத்த பொருள் அவனுடையது. கேட்கக்கூட வேண்டாம், எடுத்துக்கொண்டு போகலாம். ஐந்து வருஷத்துக்கு முன்னால் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டான். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

எப்படியாவது வாங்கி அனுப்புகிறேன். இன்னொன்றும் உங்களிடம் சொல்ல இருக்கிறது. எழுதினேன், கிழித்துவிட்டேன். முதலில் உரல் வரட்டும்.

பணிவுடன்,
வைசாகே


ஐன் தூத்
2 மார்ச் 2006

வைசாகேவுக்கு,

தோளில் தூக்கி வைத்துக்கொண்டு போனானா உன் அக்காள் மகன்? நீ கையில் மாவு இல்லாமல் நின்றாய், அவ்வளவுதான் வித்தியாசம். அந்தப் பிள்ளைக்கு என் ஸலாம் சொல்லு. ஸுஹா இதை எழுத மாட்டேன் என்றாள், அதட்டி எழுதச் சொன்னேன்.

பூட்ஸைத் துடைத்து வைத்திருந்த கதை எனக்குத் தெரியாது. அந்தப் பத்தியை ஸுஹாவை இரண்டு முறை வாசிக்கச் சொன்னேன். ஃபௌஸியின் கால் சின்னது, உன் பூட்ஸுக்குள் அவருடைய இரண்டு காலும் போகும்.

உன் கடிதம் வந்த நாளிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. நீங்கள் வந்த புதிதில் ஊர்ப் பெண்கள் ஜன்னலுக்குப் பின்னால் நின்று சிரித்தது நினைவுக்கு வருகிறது. மலை மாதிரி ஆம்பளைகள், சாயங்காலம் ஆனால் பாவாடை கட்டிக்கொண்டு திரிகிறார்களே என்று. நான்தான், "சிரிக்காதீங்கடி, பாவாடையைக் கட்டிக்கிட்டு அவன் ஜீப்பைத் தூக்கறான், உங்க வீட்டுக்காரரு வாளியைத் தூக்கறாரா?" என்று அடக்கினேன். ரொட்டிக்குப் பதிலாக நீ கொண்டு வந்து கொடுத்த மாட்டிறைச்சி டப்பாக்கள் எல்லாம் பூனைக்குப் போயின. ஹலால் இல்லையே, என்ன செய்ய? உன் மனம் நோகக் கூடாதென்று தினமும் ருசியாக இருந்தது என்று சொன்னேன். அதை நம்பி நீ இரண்டு டப்பாவாக ஆக்கினாய். அந்தப் பூனையால் கடைசியில் சுவர் ஏற முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பாடும்போது தெருவில் வண்டி ஓட்டுகிறவன்கூட இன்ஜினை நிறுத்துவான். ஹைதமுக்கு அப்போது பன்னிரண்டு வயது. மாவுச் சாக்கைச் சுருட்டிப் பந்தாக்கி உங்களோடு விளையாடி, தோள் எலும்பை உடைத்துக்கொண்டு வந்தான். நீதான் தூக்கிக்கொண்டு ஓடினாய் டாக்டரிடம். அதையும் நான் மறக்கவில்லை. எனக்குக் கோபம் மட்டும்தான் நினைவிருக்கும் என்று நினைத்துக்கொள்ளாதே.

உங்கள் பட்டாளம் ஊரைவிட்டுப் போய் மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிறது. சாவடி இருந்த இடத்தில் முக்தாரின் மருமகன் தக்காளி போட்டிருக்கிறான். பழைய எண்ணெய் டின்னில் உங்கள் ஊர்ச் சேம்பை வைத்தீர்களே, அது மட்டும் சாக்கடை ஓரம் அடங்காமல் பரவியிருக்கிறது. யாரும் பிடுங்கவில்லை.

கல்யாணம் செப்டம்பர் பதினைந்து. பெண் பக்கத்து ஊர், தையல் தெரிந்தவள், அதிகம் பேசாதவள். இந்த வீட்டில் பேச நான் ஒருத்தி போதும். உரல் அதற்குள் வர வேண்டும். நீ சொல்லாமல் கிழித்தது என்ன? எனக்குப் பாதிக் கதை பிடிக்காது.

உம்மு ஹைதம்


வைதாமு
18 ஜூன் 2006

மதிப்புக்குரிய உம்மு ஹைதம் அவர்களுக்கு,

உரல் கிடைத்துவிட்டது. என் படுக்கைக்குப் பக்கத்தில் இருக்கிறது. இதைத்தான் முதல் வரியில் எழுத வேண்டும் என்று மெரேவை சொன்னாள்.

அக்காள் மகனிடம் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது எங்களிடம் கிடையாது. கேட்டால் அக்காள் மூஞ்சியில் விழிக்க முடியாது. ஒரே வழிதான் இருந்தது. எங்கள் குலத்தில் மிஞ்சியிருந்த திமிங்கலப் பல்லை எடுத்துக்கொண்டேன். கல்யாணம், சாவு, மன்னிப்பு, இப்படிப் பெரிய காரியத்துக்குத்தான் அது பெட்டியை விட்டு வெளியே வரும். என் மகன் கல்யாணத்துக்கென்று வைத்திருந்தது. அவனிடம் சொன்னேன். சரி அப்பா என்றான்.

கோரோவுக்குப் படகில் போனேன். இறங்குவதற்கு முன்பே கேட்டது. தென்னந்தோப்புக்குள்ளிருந்து, இரண்டு மெதுவாக, மூன்று வேகமாக, விளிம்பில் ஒரு தட்டு. சைரூசி என்னைப் பார்த்துப் படித்தது. அவனைப் பார்த்து அந்த ஊர்ப் பையன்கள் எல்லாரும் அப்படித்தான் இடிக்கிறார்கள். ஏன் கடைசியில் விளிம்பைத் தட்ட வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. தட்டாவிட்டால் வேர் கசக்கும் என்று ஒரு கிழவர் எனக்கே விளக்கம் சொன்னார். நான் ஆமாம் ஆமாம் என்று கேட்டுக்கொண்டேன்.

அவன் வீட்டுக் கூடத்தில் மண்டியிட்டுப் பல்லை நீட்டினேன். தாய்மாமன் மண்டியிட்டதைப் பார்த்து அவன் என் கையைப் பிடித்துத் தூக்கப் பார்த்தான்.

"மாமா, எந்திரிங்க. ஒரு உரலுக்கா இதைத் தூக்கிட்டு வந்தீங்க?"

"ஒரு அம்மா கேக்குதுடா, சைரூசி. பதினேழு வருஷமா வாயைத் தொறக்காம இருந்து இப்பத்தான் கேக்குது."

உரலைக் கழுவித் துடைத்துக் கொடுத்தான். அன்று ஃபௌஸி அண்ணன் கையிலேயே உலக்கை நின்றுவிட்டது, நான் உரலை மட்டும்தான் தூக்கினேன். அதனால் சைரூசி எங்கள் காட்டு மரத்தில் ஒரு உலக்கை செதுக்கியிருந்தான். அதையும் சேர்த்து அனுப்பச் சொன்னான். உங்கள் ஸலாமைச் சொன்னேன். வெட்கப்பட்டான்.

கொப்பரைச் சாக்கில் சுற்றிப் பெட்டி செய்துகொண்டிருக்கிறேன். ஜூலை இருபதாம் தேதி சவுசவு டவுனில் தபாலுக்குக் கொடுத்தால் செப்டம்பருக்குள் வந்துவிடும் என்கிறார்கள்.

பூனையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். மிகவும் வருத்தப்பட்டேன். டப்பாவை ஒளித்து வைத்து உங்களுக்குக் கொண்டு வந்ததால் நான் எத்தனையோ நாள் வெறும் கிழங்கு தின்றேன்.

வைசாகே


வைதாமு
9 ஆகஸ்ட் 2006

உம்மு ஹைதம் அவர்களுக்கு,

இந்தக் கடிதம் எங்கே வந்து சேரும் என்று தெரியவில்லை. சவுசவுவில் கடைக்காரர் டி.வி.யை வாசல் பக்கம் திருப்பி வைத்திருக்கிறார். எங்கள் ஊரில் லெபனானுக்குப் போய் வந்தவர்கள் ஏழு பேர். தினமும் அங்கே போய் நிற்கிறோம். குண்டு போட்டு உடைத்த ஒரு பாலத்தைக் காட்டினார்கள். நான் அந்தப் பாலத்தில் எட்டு மாதம் காவல் நின்றிருக்கிறேன். பெயரை அவர்கள் தப்பாகச் சொன்னார்கள். நாங்கள் ஏழு பேரும் சேர்ந்து டி.வி.யைப் பார்த்துச் சரியான பெயரைச் சொன்னோம்.

பெட்டி ஆணி அடித்துத் தயாராக இருக்கிறது. உங்கள் நாட்டுக்கு இப்போது பார்சல் எதையும் எடுப்பதில்லை, கடிதம் மட்டும் போட்டுப் பார்க்கலாம் என்று தபால் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

எனக்குத் தெரிந்த எல்லா அரபு வார்த்தையிலும் ஜெபம் செய்கிறேன். தெரிந்தது கொஞ்சம்தான். ரொட்டி, தண்ணீர், மெதுவாகப் போ, வண்டியை நிறுத்து. ஒரு வரி எழுதுங்கள். ஸுஹா எழுதினாலும் போதும்.

வைசாகே


சைதா
30 அக்டோபர் 2006

வைசாகேவுக்கு,

உயிரோடு இருக்கிறோம். நான், ஸுஹா, ஹைதம், மூன்று பேரும். என் தங்கை வீட்டில் இருக்கிறோம். மூன்றாவது மாடி, ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டு ஜன்னல்.

வீடு போய்விட்டது. சுவர் ஒன்று நிற்கிறது, அதில் ஃபௌஸி அடித்த ஆணியும் இருக்கிறது, அதில் தொங்கிய படம் இல்லை. கட்டிலுக்கடியில் இருந்த பையை எடுத்துக்கொண்டு காலையில் கிளம்பினோம். மத்தியானம் வீடு இல்லை. திரும்பிப் போய் இரண்டு நாள் கையால் கல்லைப் புரட்டினேன். ஒரு கரண்டிகூட முழுதாகக் கிடைக்கவில்லை. மின்சார அரவையின் ஒயர் மட்டும் கிடைத்தது. அது ஒழிந்ததில் எனக்கு வருத்தமில்லை.

உன் ஆகஸ்ட் கடிதம் முக்தார் வீட்டுக்குப் போய், அங்கிருந்து போன வாரம் இங்கே வந்தது. ஏழு பேர் டி.வி.க்கு முன்னால் நின்று பாலத்தின் பெயரைச் சொன்னீர்கள் என்று படித்ததும் ஸுஹா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். இங்கே அதைத் தப்பாகச் சொல்கிறவர்களைத் திருத்த ஆள் இல்லை.

உரலை அனுப்பாதே. எங்கே வைப்பேன்? தங்கை வீட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கவே ஒருத்திக்குத்தான் இடம். இடித்தால் கீழ்வீட்டுக்காரன் சண்டைக்கு வருவான். கல்யாணம் தள்ளிப் போயிற்று. ஹைதம் இடிபாட்டை அள்ளுகிற வேலைக்குப் போகிறான். இந்த நிலைமையில் யாரைக் காப்பிக்குக் கூப்பிட?

இதைச் சொல்ல எனக்குக் கசக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். நீ மரியாதை தெரிந்தவனாக நெஞ்சில் கை வைத்துவிட்டுப் போயிருந்தால், அது இன்று கல்லுக்கடியில் தூளாகியிருக்கும். முப்பது வருஷம் நான் குடித்தனம் செய்த வீட்டில் மிஞ்சிய ஒரே பொருள் நீ தூக்கிக்கொண்டு போனது. நான் உன்னைத் திட்டிய திட்டெல்லாம் வீண். அதை நினைத்தால் எனக்கு மறுபடியும் கோபம்தான் வருகிறது. யார் மேல் என்று தெரியவில்லை.

உம்மு ஹைதம்


வைதாமு
10 டிசம்பர் 2006

அன்புள்ள உம்மு ஹைதம் அவர்களுக்கு,

நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்று வாசித்ததும் நாங்கள் ஏழு பேரும் ஒரு பன்றியை அடித்து... மன்னியுங்கள், ஒரு விருந்து வைத்தோம்.

உங்கள் பேச்சைக் கேட்காமல் நேற்று உரலைத் தபாலில் அனுப்பிவிட்டேன். கோபித்துக்கொள்ளுங்கள். நான் கிழித்துப் போட்ட கதையை இப்போது சொல்லலாம். இனி மறைக்க அதில் ஒன்றும் இல்லை.

எங்கள் தவணை முடிந்து ஊர் திரும்ப ஒரு வாரம் இருந்தது. எங்கள் மொழிபெயர்ப்பாளர் பேச்சுவாக்கில் உங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னார். எடுத்துக்கோ என்றால் எடுக்கக் கூடாது என்று. எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. ஒரு வருஷமாக உங்கள் வீட்டு வாசலில் ரொட்டி வாங்கித் தின்றிருக்கிறேன், நீங்கள் ஏன் என் முகத்தைப் பார்க்காமலே ரொட்டி கொடுத்தீர்கள் என்று அன்றுதான் புரிந்தது. மறுநாள் காலை மொழிபெயர்ப்பாளரையும் கூட்டிக்கொண்டு, உரலோடு ஒலிவத் தோப்புக்குப் போனேன். ஃபௌஸி அண்ணன் கிளை வெட்டிக்கொண்டிருந்தார். அவர் காலடியில் வைத்து மன்னிப்புக் கேட்டேன்.

அவர் வெகுநேரம் உரலைத் தடவிக்கொண்டிருந்தார். வாங்கிக்கொண்டார் என்றுதான் நினைத்தேன். அப்புறம் அதை என் பக்கம் தள்ளினார்.

"அன்னிக்குக் குடுத்தது வாய்தான். இன்னிக்கு நான் குடுக்கறேன். கொண்டு போ."

நான் மாட்டேன் என்றேன். அவர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"இந்த ஊர்ல எது நிக்கும் எது விழும்னு யாருக்குத் தெரியும்? என் வீட்டுல ஒண்ணாவது கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கட்டும். உங்க ஊர்ல யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க. விலாசம் மட்டும் எழுதிக் குடு."

என் சட்டைப்பையிலிருந்த தாளில் எழுதிக் கொடுத்தேன். மடித்துக் கோட்டில் வைத்துக்கொண்டார். உங்களிடம் சொல்லிவிட்டுப் போகிறேன் என்று எழுந்தேன். அப்போதுதான் அவர் முகம் மாறியது.

"அவகிட்டச் சொல்லாதே. வீடு விழும்னு நான் நெனைக்கறது தெரிஞ்சா அவ தூங்க மாட்டா. மடையன் தூக்கிட்டுப் போயிட்டான்னே நெனைச்சுக்கட்டும்."

சத்தியம் வாங்கினார். கொடுத்தேன். நான் மடையனாகவே இருந்துவிட்டேன், அம்மா. உங்கள் முதல் கடிதம் வந்தபோது சொல்லிவிடலாமா என்று துடித்தேன். ஆனால் அன்று உங்கள் வீடு நின்றுகொண்டிருந்தது. நீங்கள் அதற்குள் படுத்துத் தூங்க வேண்டுமே.

உங்கள்,
வைசாகே


ஐன் தூத்
6 மே 2007

வைசாகேவுக்கு,

பெட்டி மார்ச் மாதம் வந்தது. தங்கையின் கணவர் மூன்று மாடி சுமந்து வந்து, சவப்பெட்டியா இது என்றார். ஆணியைப் பிடுங்கினோம். என் உரல். வயிற்றுப் பக்கம் கறுத்திருக்கிறது, விளிம்பில் ஃபௌஸியின் தட்டு விழுந்த பள்ளம் அப்படியே இருக்கிறது, அதைவிட ஆழமாகவே இருக்கிறது. உங்கள் தீவுப் பிள்ளைகளும் விடாமல் தட்டியிருக்கிறார்கள்.

அதற்கப்புறம் எனக்குச் சைதாவில் இருப்புக் கொள்ளவில்லை. நிற்கிற சுவரோடு சேர்த்து ஹைதம் இரண்டு அறை எழுப்பினான். ஏப்ரல் இருபத்தாறு கல்யாணம். கூரை தகரம்தான், வாசலுக்குக் கதவு கிடையாது, திறந்து வைக்கிற வேலை மிச்சம்.

ஹைதம் உட்கார்ந்து இடித்தான். தாளம் வரவில்லை. மூன்று மெதுவாக, இரண்டு வேகமாக இடித்து, முழித்தான். பன்னிரண்டு வயதில் கேட்டது, பாவம், எப்படி வரும்? ஊர் ஒன்றும் அசையவில்லை. நான் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன். பொம்பளை இடிக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. "நவுருடா" என்று சொல்லி நான் உட்கார்ந்தேன். உன் அக்காள் மகனின் உலக்கை கனம், ஆனால் கைக்கு இதமாக இருக்கிறது. இரண்டு மெதுவாக, மூன்று வேகமாக, விளிம்பில் ஒரு தட்டு. மூன்றாவது சுற்றில் முக்தார் கைத்தடியோடு தெருமுனையில் நின்றார். அப்புறம் யார் யாரோ வந்தார்கள். வீடு இல்லாதவர்களும், திரும்பி வரமாட்டார்கள் என்று நான் நினைத்தவர்களும் வந்தார்கள். நான் அழுதுகொண்டே இடித்தேன், நிறுத்தவில்லை.

இன்னொன்றையும் கேட்டுக்கொள். உன் வேரின் வாசனை அந்த மரத்தை விட்டுப் போகவேயில்லை. காப்பியைக் குடித்த கொஞ்ச நேரத்தில் முக்தார் உதட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "உம்மு ஹைதம், இதை நான் எங்கேயோ குடிச்சிருக்கேனே" என்றார். நான் சொல்லவில்லை. பிள்ளைவீட்டுக்கும் பெண்வீட்டுக்கும் சண்டையே வராமல் முடிந்த முதல் கல்யாணம் இந்த ஊரில் இதுதான்.

உன் டிசம்பர் கடிதத்துக்கு நான் இத்தனை நாள் பதில் எழுதவில்லை. இனி வருவதை ஸுஹா எழுதவில்லை, அவளை வெளியே அனுப்பிவிட்டேன். இங்கிருந்து கடைசி வரை மருமகள் எழுதுகிறாள், அவளுக்கும் இங்கிலீஷ் தெரியும். அவள் அதிகம் பேச மாட்டாள் என்று சொன்னேனே.

நான் தூங்கட்டும் என்று ஃபௌஸி உன் வாயைக் கட்டினார். நான் எடுத்துக்கொண்டு கிளம்பியதாக ஒரு பையைப் பற்றி எழுதினேன் அல்லவா? அதை அன்று காலையில் கட்டவில்லை. கல்யாணமாகி ஆறாவது வருஷம், ஊருக்கு முதல் போர் வந்து ஓய்ந்தபோது கட்டினேன். பத்திரங்கள், பிள்ளைகளுக்கு ஒரு செட் துணி, உப்பு, தீப்பெட்டி. வருஷா வருஷம் துணியை மட்டும் பெரிதாக மாற்றுவேன். கட்டிலில் அவர் படுக்கிற பக்கத்துக்கு நேர் கீழே, சுவரோரம் தள்ளி வைத்திருந்தேன். இருபத்தைந்து வருஷம். அவரிடம் சொல்லவேயில்லை. வீடு விழும் என்று நான் நினைப்பது தெரிந்தால் அந்த மனுஷன் தூங்க மாட்டாரே என்று.

இரண்டு பேரும் ஒரே கட்டிலில் விழித்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறோம், வைசாகே. ஒருத்தருக்கொருத்தர் தூங்குவதாக நினைத்துக்கொண்டு.

புது வீட்டிலும் கட்டிலுக்கடியில் பை வைத்திருக்கிறேன். இந்த முறை எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். ஆனால் உரல் அந்தப் பைக்குள் போகாது. அதனால் நீ மெரேவையைக் கூட்டிக்கொண்டு ஒரு தடவை வா. உட்கார். காப்பி குடி. உரல் ரொம்ப நன்றாக இருக்கிறது என்று சொல்லு. நான் எடுத்துக்கோ என்பேன். நெஞ்சில் கை வைக்காமல் தூக்கிக்கொண்டு போய்விடு.

நஜாஹ்